நிலம் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்

வேலங்குப்பத்துச் சர்ச்சுத் தெருவில் ஆளுக்கு ரெண்டு பேர். ஒன்று சர்ச்சுப் பாதிரியாரான ஐயர் ஞானஸ்நானத்தில் தலையில் தண்ணீர் தெளித்து வைத்தது. ஞாயிற்றுக்கிழமைக்கும் கல்யாணத்துக்கும் கல்லறைச் சிலுவைக்கும் அது. இன்னொன்று அதற்கு முன்னாலேயே வீட்டில் வைத்தது. ரேஷன் கடைக்கும் தாசில் ஆபீசுக்கும் அது. கர்த்தரை நம்பினால் நீ அரிஜனன் இல்லை என்று சர்க்கார் சொல்லிவிட்டது. ஊர்க்காரன் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை, டீக்கடையில் தனி கிளாசைத்தான் நீட்டினான். சர்க்காரையும் ஊரையும் சமாளிக்கத் தெருவே பேசாமல் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இது. இதைப் பொய் என்று யாரும் நினைக்கவில்லை. வீட்டுக்கு ஒரு சட்டை, வெளியே போக ஒரு சட்டை என்பதுபோல மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

அப்படித்தான் தனராஜ் என்கிற துலுக்காணத்துக்கு எமர்ஜென்சி காலத்தில் ரெண்டு ஏக்கர் கிடைத்தது. நிலமில்லாத அரிஜனங்களுக்கு என்று ஒதுக்கியது. பட்டாவில் துலுக்காணம் என்று எழுதியிருந்தது. நிலம் என்று சொன்னால் நீங்கள் வேறு எதையாவது நினைத்துக்கொள்வீர்கள். அது மலையடிவாரத்துக் கல்லாங்காடு. ஆடுகூட அந்தப் பக்கம் போனால் ஏமாந்துதான் திரும்பும். புருஷனும் பெண்ஜாதியுமாகக் கடப்பாரையைப் போட்டு நெம்பி, கல்லைப் பொறுக்கி வரப்பில் அடுக்கி, ஏரி மண்ணைக் கூடைகூடையாகச் சுமந்து கொட்டினார்கள். ஒரு பாறை புரண்டு அவர் வலது கை ஒடிந்தது. புத்தூரில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர், கட்டு பிரிக்கும்வரை சும்மா இருக்கச் சொன்னதைக் கேட்காமல் இடது கையால் கல் பொறுக்கினார். கை கோணலாகவே கூடிக்கொண்டது. அதற்கு வைத்தியர் என்ன செய்வார்.

அந்தக் கல்லாங்காட்டில் மல்லாக்கொட்டை, வேர்க்கடலை என்பார்களே அது, விளைந்தது. ஒரே மகள் லோயிஸ் அதைத் தின்றே வளர்ந்தாள். களிக்குத் தொட்டுக்கொள்ள மல்லாக்கொட்டைச் சட்டினி, பள்ளிக்கூடத்துக்கு வறுத்தது, மழைக்காலத்தில் உப்புப் போட்டு வேகவைத்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் பத்தாவது பாஸ் பண்ணி, டைப்பிங் படித்து, இப்போது சித்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. தாலுகாக்களை உடைத்துச் சின்னச் சின்ன மண்டலங்களாக்கி ரெண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். சர்க்கார் காகிதங்களை மெஷினில் ஏற்றுகிற காண்ட்ராக்ட் அந்த சென்டருக்கு வந்திருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சாமி இருக்கிற அறை மாதிரிதான் அதை வைத்திருந்தார்கள்.

முதலில் பட்டா நிலங்களை ஏற்றினார்கள். நிலம், பட்டாதாரர் பேர், அப்பன் பேர், ஊர். ஒருநாள் வேலங்குப்பம் கட்டு அவள் கைக்கே வந்தது. துலுக்காணம் என்று பச்சை எழுத்தில் திரையில் எழுந்தபோது அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்து சீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, "எங்க நைனா" என்று காட்டினாள். கல் பொறுக்கின மனிதர் இவ்வளவு குளிர்ச்சியான அறையில் வந்து உட்கார்ந்திருக்கிறாரே என்று அவளுக்கு ஒரே பெருமை.

அப்புறம் வீடு வீடாக எடுத்த சர்வேயை ஏற்றினார்கள். வேலங்குப்பம் கட்டு அந்தத் தடவை வேறொரு பெண்ணிடம் போய்விட்டது.

ஆடி கடைசியில் ரெண்டையும் சேர்த்தார்கள். எப்படிச் சேர்ப்பது என்று சூப்பர்வைசர் அண்ணாதுரை எல்லோருக்கும் விளக்கினார். திருப்பதிக்காரர், நல்ல மனிதர், கேட்ட கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்லுவார்.

"இந்தக் கையில நிலம். இந்தக் கையில ஜனம். பேரு, அப்பன் பேரு, ஊரு, மூணும் ஒத்துப்போனா மெஷின் ரெண்டையும் ஒரே வரியில எழுதிடும். ஒத்துப்போகலைன்னா நிலம் மட்டும் நிக்கும், பக்கத்துல காலியா இருக்கும்."

"காலியா இருந்தா என்ன சார் பண்றது?" என்றாள் லோயிஸ்.

"அதத்தாம்மா மேல கேட்டிருக்காங்க. ஆளில்லாத நிலத்தையெல்லாம் தனியா எடுத்துக் குடுக்கணும். செத்தவன், ஊரை விட்டுப் போனவன், வித்துட்டு ஓடினவன். அதையெல்லாம் சர்க்கார் திரும்ப எடுத்து வேற ஏழைக்குக் குடுக்கும். நல்ல காரியம்தானே?"

"இந்தப் பக்கமும் காலியா நிப்பாங்களே சார். நிலமில்லாத ஜனம்."

"நிப்பாங்க. லட்சம் பேர் நிப்பாங்க. அவங்களை யாரும் கேக்கல. கேக்காததை மெஷின் எடுக்காது."

பிரிண்டர் ரம்பம்போலக் கத்திக்கொண்டு காகிதத்தைத் தள்ளியது. ஆளில்லாத நிலங்களில் வேலங்குப்பத்துக்கு ஒரே ஒரு வரி. துலுக்காணம். பக்கத்தில் வெள்ளையாக இருந்தது.

லோயிஸுக்கு முதலில் புரியவில்லை. தெருவில் எல்லோருக்கும் ரெண்டு பேர்தானே, நைனா மட்டும் ஏன் மாட்டினார்? சர்வேக் கட்டை எடுத்துப் புரட்டினாள். தனராஜ், மனைவி தபீதாள், கிறிஸ்தவம், நிலம் இல்லை. அப்போதுதான் போன வருஷம் சர்ச்சில் நடந்த அறுப்பின் பண்டிகை ஞாபகம் வந்தது.

ஆர்தர் ஐயர் அப்போதுதான் வேலங்குப்பத்துக்கு மாற்றலாகி வந்திருந்தார். இளவயசு, நல்ல குரல். "ஞாயித்துக்கிழமைக்கு ஒரு பேர், தாசில்தாருக்கு ஒரு பேரா? நியாயத்தீர்ப்பு நாளில் கர்த்தர் எந்தப் பேரைச் சொல்லி உங்களைக் கூப்பிடுவார்?" என்று பண்டிகைப் பிரசங்கத்தில் கேட்டார். சபை முழுக்கத் தலை குனிந்தது. தலையைக் குனிந்தபடியே வீட்டுக்குப் போய்க் கறிச்சோறு தின்றுவிட்டுத் தூங்கியது. நைனா ஒருவர்தான் அதை மனசில் வாங்கிக்கொண்டார். ஒரு கல்லைத் தூக்கச் சொன்னால், இறக்கு என்று சொல்லும்வரை தூக்கிக்கொண்டே நிற்கிற ஆள் அவர். அடுத்த வாரம் சர்வே எடுக்கிற பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். தெருவில் மற்றவர்கள் பழைய பேரைச் சொல்லிவிட்டு ஆட்டைப் பார்க்கப் போனார்கள். இவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, வாசலில் நின்று தனராஜ் என்று சொன்னார். அந்தப் பேரில் பட்டா இல்லாததால் நிலம் இல்லை என்று வாத்தியார் எழுதிக்கொண்டார். பழைய ரேஷன் கார்டை வாங்கிக்கொண்டு தனராஜ் பேரிலேயே புதுசு கொடுத்தார்கள். அன்றைக்குப் பூராவும் அவர் முகம் தெளிவாக இருந்தது என்று அம்மா சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை லோயிஸ் பஸ் பிடித்து ஊருக்குப் போனாள். செடி முழங்கால் உயரம் நின்று மஞ்சளாகப் பூத்திருந்தது. நைனா களை வெட்டிக்கொண்டிருந்தார். வரப்பில் உட்கார்ந்து அம்மா வைத்த களியைப் பிட்டு வாயில் போடும்போது விஷயத்தைச் சொன்னாள்.

"ஆளில்லியா?" என்றார் அவர். "நான் இன்னா, பேயா? இதோ உக்காந்து துன்னுகினு கீறேனே."

"மெஷினுக்குத் தெரியாது நைனா."

"மெஷினை இங்க வரச் சொல்லு. வந்து பாக்கட்டும். இந்த வரப்புல கீற கல்லு ஒவ்வொண்ணும் யாரு வெச்சதுன்னு கேக்கட்டும்."

"இந்தாளோட கொழுப்பு அது" என்றாள் தபீதாள், புருஷனைப் பார்க்காமல். "தெருவுல எல்லாருந்தான் ஐயரு சொன்னதைக் கேட்டாங்க. இதுக்கு மட்டும் காது இவ்ளோ பெருசு."

"உண்மையைத்தானடி சொன்னேன்."

"சொன்ன இல்ல? துன்னு உண்மையை."

சொன்ன உடனே அவளுக்கே பொறுக்கவில்லை. இன்னொரு உருண்டை களியை அவர் தட்டில் வைத்துக் குழி பண்ணி, சட்டினியை ஊற்றினாள். அவர் தின்னவில்லை. கோணல் கையை மடியில் வைத்துக்கொண்டு செடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மூன்று பேருமாக மண்டல ஆபீசுக்குப் போனார்கள். கிராமத்து வேலைகளைப் பார்க்கிற உதவியாளன் கோவர்த்தனன் அவர்களை முன்பே அறிந்தவன். கெட்டவன் என்று சொல்ல முடியாது. சென்டரிலிருந்து வந்திருந்த காகிதத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினான்.

"பூமி உந்தி, மனிஷி லேடு. அதான் இதுல போட்டுக்கீது. நிலம் கீது, ஆளு இல்ல."

"ஆளு நான்தான் சார்."

"எனக்குத் தெரியும் துலுக்காணம். தெரிஞ்சா போதுமா? ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு உங்க ஐயருகிட்ட எய்தி வாங்கினு வா. அதுல ஞானஸ்நானம் வாங்கின தேதி போட்டிருப்பாரு. நிலம் உனக்கு எப்ப வந்தது?"

"எமர்ஜென்சில."

"ஞானஸ்நானம்?"

"கண்ணாலத்துக்கு முன்ன."

கோவர்த்தனன் பேனாவை மூடினான். "அப்ப அரிஜனனா இல்லாத ஆளு அரிஜனன்னு சொல்லி நிலம் வாங்கிக்கீறேன்னு ஆவும். நிலமும் பூடும், கேஸும் வரும். நீ துலுக்காணம் இல்லன்னாலும் நிலம் போச்சு, துலுக்காணந்தான்னாலும் போச்சு. நான் இன்னா பண்ணட்டும், சொல்லு."

"சர்வேயில பேரை மாத்திக் குடுங்க சார்" என்றாள் லோயிஸ்.

"ஏன் மாத்துறன்னு கேப்பாங்களே பாப்பா. போன வருசம் கிறிஸ்தவம்னு நின்னுகினு சொன்னவரு, இப்ப இன்னாத்துக்கு மாத்துறாரு? எல்லாம் மெஷின்ல ஏறிப்போச்சு."

ஏற்றினவளிடமே அதைச் சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. லோயிஸ் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

நைனா ஐயரிடம் போனார். ஆர்தர் ஐயர் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, காபி கொடுத்து, கண் கலங்கினார். "நான் ஆத்துமாவுக்குச் சொன்னேன் தனராஜ். நிலத்துக்குச் சொல்லல." எழுதிக் கொடுக்க அவர் தயார், ஆனால் உள்ள தேதியைத்தான் எழுதுவார். வேறு தேதி எழுதக் கை வராது. எழுதச் சொல்ல இவருக்கும் வாய் வரவில்லை. ஜெபம் பண்ணிவிட்டுப் பிரிந்தார்கள்.

தெருவில் யாராவது சாட்சிக் கையெழுத்துப் போடுவார்களா என்று பார்த்தார்கள். போட்டால் அவர்களையும் யார் நீ என்று கேட்பார்கள், ரெண்டு பேரும் வெளியே வரும், அவர்கள் நிலமும் அதே எமர்ஜென்சியில் வந்த நிலம். கூடப் பிறந்தவர்போல இருந்த பக்கத்து வீட்டுக்காரர், லோயிஸ் வருவதைக் கண்டு கொல்லைப்பக்கமாக நழுவினார். அவர்மேல் கோபப்படக்கூட அவளால் முடியவில்லை. கோபம்தான் வந்திருக்கவேண்டும், அழுகை வந்துவிட்டது.

கடைசியில் வழி சொன்னது கோவர்த்தனன்தான். நைனாவை டீக்கடைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னான்.

"துலுக்காணம் செத்துட்டான்னு எய்திடலாம். நிலம் பொஞ்சாதிக்கு வரும். செல்லியம்மா, அரிஜன், விதவை. அந்தம்மா வந்து ஆபீசருக்கு முன்ன நிக்கணும், அவ்ளோதான். நீ மட்டும் அந்தப் பக்கம் தலை காட்டாத."

தபீதாளுக்குக் கல்யாணத்துக்கு முன்பு செல்லியம்மா என்றுதான் பேர். வீட்டில் ராத்திரி பேசி, சண்டை போட்டு, பேசாமல் இருந்து, விடிந்ததும் அவளே சொன்னாள்: "செத்தா செத்துட்டுப் போ. நெலம் நிக்கட்டும்." நைனா சிரித்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அந்தச் சிரிப்பை லோயிஸ் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

விசாரணை நாளன்று புரட்டாசி வெயில் சுள்ளென்று அடித்தது. ஆபீசுக்கு எதிரே புளியமரத்தடியில் தபீதாள் கழுத்திலிருந்து தாலிச் சரட்டைக் கழற்றினாள். சரடு எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது. அதைப் புருஷன் கையில் வைத்தாள்.

"பத்திரமா வெச்சிக்க. எங்கியாவது போட்டுத் தொலைக்கப் போற."

அவர் கோணல் கைக்குள் மூடிக்கொண்டு மரத்துக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்.

உள்ளே மண்டல அதிகாரி விசிறிக்குக் கீழே பிரிண்டை விரித்து வைத்திருந்தார். லோயிஸின் சென்டரிலிருந்து வந்த அதே காகிதம். செல்லியம்மா என்று கூப்பிட்டதும் தபீதாள் சற்றுத் தடுமாறிவிட்டு முன்னால் போனாள்.

"மீ ஆயன, உன் வீட்டுக்காரரு, எப்ப செத்தாரு?"

"சித்திரையில சார்."

அதிகாரி குறித்துக்கொண்டார். பிறகு ஜனக் காகிதத்தை எடுத்து விரலால் தடவிக்கொண்டே போனார். மேலிருந்து கீழே வந்தார். மறுபடியும் போனார்.

"வேலங்குப்பத்துல செல்லியம்மான்னு யாருமே லேதே. எங்க குடியிருக்க?"

"அங்கதான் சார். சர்ச்சுத் தெருவுல."

"யார் வீட்டுல?"

கோவர்த்தனன் இதை யோசித்திருக்கவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. தபீதாள் மகளைப் பார்த்தாள். எந்த வீட்டைச் சொன்னாலும் அங்கே வேறு பேர்கள் இருக்கும், போய்ப் பார்ப்பார்கள். அவளுக்குத் தெரிந்த வீடு ஒன்றுதான்.

"தனராஜ் வீட்டுல சார்."

அதிகாரி காகிதத்தைப் பார்த்தார். தனராஜ், மனைவி தபீதாள். நிமிர்ந்து அவளுடைய வெறுங்கழுத்தைப் பார்த்தார்.

"அவன் உனக்கு என்ன வேணும்?"

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்ற ரெண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். தபீதாள் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடினாள். இருபத்தைந்து வருஷக் குடித்தனம், அவன் உனக்கு என்ன வேணும் என்றால் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"ஒண்ணும் வேணாம் சார்" என்றாள் கடைசியில்.

லோயிஸ் பேசப் போனாள். கோவர்த்தனன் அவள் காலை மிதித்தான். அதிகாரி பேனாவால் எழுதினார்: பட்டாதாரர் இறந்துவிட்டார், வாரிசு இல்லை. அதுவரை ஆள் இல்லை என்று மெஷின் சொன்னதுதான் இருந்தது. இப்போது அவர்களே வந்து சாட்சி சொல்லிவிட்டார்கள்.

மரத்தடிக்கு வந்தவர்களை நைனா நிமிர்ந்து பார்த்தார். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். சரட்டை எடுத்துப் பெண்ஜாதி கழுத்தில் போட்டார். பின்கழுத்தில் முடிச்சுப் போட அந்தக் கையால் முடியவில்லை. ரெண்டு தரம் நழுவியது. லோயிஸ்தான் முடிந்துவிட்டாள்.

"நல்லா இறுக்கிப் போடு" என்றாள் தபீதாள்.

ஐப்பசியில் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். பயிரோடுதான். செத்தவனுடைய பயிருக்கு யார் கணக்குக் கேட்பது? பக்கத்துக் குப்பத்திலிருந்து கங்கையா என்கிறவனுக்குக் கொடுத்தார்கள். அவனும் நிலமில்லாதவன், அன்றாடம் கூலிக்குப் போகிறவன். அவன் பேர் சர்வேயில் இருந்தது, ஒரே பேர்தான். சித்தூரில் லோயிஸ் புது விவரத்தை ஏற்றினாள். நிலம், பக்கத்தில் கங்கையா. மெஷின் ரெண்டையும் ஒரே வரியில் சேர்த்தது. அண்ணாதுரை பார்த்துவிட்டு, "பாத்தியாம்மா, எவ்வளவு சுத்தமா வந்துடிச்சு" என்றார். அவள் தலையாட்டினாள். வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தாள். வீட்டில் இனி வேறு வரும்படி இல்லை என்பதும் கூடவே ஞாபகம் வந்தது.

செடி பிடுங்குகிற சமயம் அவள் ஊருக்குப் போனாள். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் இந்தத் தடவை ஓடி ஒளியாமல் மலைப்பக்கம் கையைக் காட்டினார்.

நிலத்தில் ஆட்கள் வரிசையாகக் குனிந்து செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒரு மூலையில் கொட்டையை ஆய்ந்து கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். நைனா இடது கையால் செடியைப் பிடித்து, கோணல் கையால் மண்ணைத் தட்டி, குவியலில் வைத்துக்கொண்டு வந்தார். எந்த இடத்தில் மண் இறுக்கம், எங்கே வேர் ஆழம் என்று கைக்குத் தெரிந்திருந்தது. மற்றவர்கள் பாதி வரிசை வருவதற்குள் அவர் முடித்துவிட்டார். மழை லேசாகத் தூறிக்கொண்டிருந்தது.

கங்கையா வரப்பில் நின்றுகொண்டு பார்த்தான். கல் வரப்பு. அதன் மேல் காலை வைத்து நின்றிருந்தான்.

"பெரியவரே, நல்லா வேலை செய்றியே. இந்த மண்ணு உனக்குப் பழக்கமா?"

"பழக்கந்தான்."

"இத்தெ வெச்சிருந்தவன் நல்ல உழைப்பாளியா இருந்திருப்பான்போல. பாவம், துன்னக் குடுத்து வெக்கல. நீ அவனைப் பாத்துக்கீறியா?"

தபீதாளின் கை கூடைமேல் நின்றது. லோயிஸ் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். நைனா ஒரு செடியைப் பிடுங்கினார். மண்ணைத் தட்டினார். வேரில் கொத்தாகக் கொட்டை தொங்கியது, இந்த வருஷம் நல்ல விளைச்சல்.

"பாத்துக்கீறேன்" என்றார்.

"சரி, நாளைக்கும் வா. அந்தப் பக்கம் பாக்கி கீது. உன் பேரு இன்னா?"

அவர் நிமிர்ந்தார். இடுப்பில் கையை வைத்து, மலையைப் பார்த்தார், பெண்ஜாதியைப் பார்த்தார். வாய் ஒரு பேருக்குத் திறந்தது, மூடிக்கொண்டது. இன்னொன்றுக்குத் திறந்து, அதுவும் வரவில்லை.

"பேரு இன்னாத்துக்குப்பா" என்றார். "ஏய்னு கூப்புடு, வரேன்."

குனிந்து அடுத்த செடியைப் பிடித்தார்.